வேலியோரம் தானாக முளைத்த மரம்: எல்மா, மல்பெரியா, வேறு ஏதேனுமா?

பனிமுற்றம் (செயின்ட் பால் அருகே, மினசோட்டா)

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் வாங்கிய வீட்டின் பின்புறத்தில், கம்பிவலை வேலியை ஒட்டி ஒரு மரம் நிற்கிறது. யாரும் நட்டதாகத் தெரியவில்லை. முன்பு இருந்தவர்களைக் கேட்டபோது, தாமாகவே முளைத்தது என்றும், வெட்ட நினைத்து வெட்டாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார்கள். இப்போது சுமார் 25 அடி உயரம் இருக்கிறது. அடிமரம் 8 அங்குல விட்டம் இருக்கும். வீட்டுச் சுவரிலிருந்து 22 அடி தள்ளி நிற்கிறது.

சென்ற வாரம் வேறொரு மரத்தின் கிளையை வெட்ட வந்த பணியாளர் ஒருவர், இதைப் பார்த்துவிட்டு, “இது களை எல்ம், நோய் பிடித்திருக்கிறது, இப்போதே எடுத்துவிடுவது நல்லது” என்று கூறி ஒரு தொகையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் நோய் என்று காட்டியது இலைகளின் அடியில் இருக்கும் கொப்புளங்களை. ஏறத்தாழ ஒவ்வோர் இலையிலும் நான்கைந்து கொப்புளங்கள் இருக்கின்றன. ஆனால் மரம் வாடியதாகத் தெரியவில்லை. எங்கள் மண் கனமான களிமண். கூரைத் தண்ணீர் வந்து இறங்கும் மூலை அது. வசந்தத்தில் பனி உருகும்போது இரண்டு வாரம் தண்ணீர் நிற்கும். ஆகஸ்டில் மண் வெடித்துக் கிடக்கும். அந்த இடத்தில் நாங்கள் நட்ட இரண்டு செடிகள் செத்துப்போயின. இது மட்டும் கேட்பாரின்றி வளர்கிறது.

படங்களை ஏற்ற முயன்றும் முடியவில்லை, ஆகவே சொற்களாலேயே எழுதுகிறேன். இலை என் நடுவிரல் நீளம், ஓரத்தில் ரம்பப் பற்கள், நுனி நீண்டு கூர்மையாக முடிகிறது. பட்டை சாம்பல் நிறம். ஈரக் களிமண்ணை உருண்டை உருண்டையாக அப்பிக் காயவிட்டதுபோல் முடிச்சுகளும் மேடுகளும் இருக்கின்றன. இது என்ன மரம்? வைத்திருக்கலாமா?

சமவெளிவாசி (நெப்ராஸ்கா)

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சைபீரிய எல்மாக இருக்க வாய்ப்பு அதிகம். வேலியோரம் தானாக முளைப்பது, மோசமான மண்ணில் வளர்வது, ரம்பப் பல் இலை ஆகிய மூன்றும் அதற்குப் பொருந்துகின்றன. அது இந்த நாட்டு மரம் அன்று. ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, காற்றுத் தடுப்புக்காகச் சமவெளி முழுதும் நடப்பட்டது. அப்படியானால் எடுத்துவிடச் சொன்னவர் சொன்னது தவறில்லை.

ஆற்றங்கரையான் (கிழக்கு ஐயோவா)

அவசரப்பட வேண்டாம், நண்பர்களே. பட்டையைப் பற்றி அவர் எழுதியிருக்கும் அந்த ஒரு வாக்கியம் சைபீரிய எல்முக்குப் பொருந்தாது. எல்மின் பட்டை நீளவாக்கில் வெடித்து ஓடும். உருண்டை உருண்டையாக அப்பியதுபோல் இராது. எனக்கு வேறொரு பெயர் தோன்றுகிறது. ஆனால் பெயரை முதலில் சொல்லிவிட்டால் அதற்கேற்பவே கண் பார்க்கும் என்பதால், இப்போது சொல்லாமல் சில சோதனைகளை மட்டும் கேட்கிறேன்.

பனிமுற்றம் அவர்களே, ஓர் இலையைக் காம்போடு பறித்து, காம்பு இலையோடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தொடங்குகின்றனவா, ஒரு பக்கம் கீழே இறங்கித் தொடங்குகிறதா? அந்த இடத்திலிருந்து நடுநரம்பு ஒன்று மட்டும் கிளம்புகிறதா, அதோடு பக்கத்திற்கு ஒன்றாக இன்னும் இரண்டு தடித்த நரம்புகளும் கிளம்புகின்றனவா? பக்க நரம்புகள் ஓரத்துப் பற்களுக்குள் நேராகப் போய் முடிகின்றனவா, ஓரத்தை எட்டும் முன்பே வளைந்துவிடுகின்றனவா? பற்கள் இலையின் அடிவரை இருக்கின்றனவா? பிறகு, பென்சில் கனமுள்ள ஒரு சிறு கொம்பை நீளவாக்கில் பிளந்து, நடுச்சோற்றி (கொம்பின் நடுவில் இருக்கும் மென்மையான பகுதி) எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கணுவுக்கு அருகில் பிளப்பது முக்கியம். பறித்த காம்பில் பால் வருகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

தோட்டப்பித்தன் (சிகாகோ புறநகர்)

பால் வருகிறதா என்று ஐயா கேட்டதன் காரணம் புரிகிறது. எனக்கும் முதலில் மல்பெரி நினைவுதான் வந்தது. வெள்ளை மல்பெரி வேலியோரங்களில் பறவை எச்சத்தால் முளைப்பது இங்கே அன்றாடக் காட்சி; அதன் இலைக்கும் அடியிலிருந்து மூன்று நரம்புகள் கிளம்பும். ஆனால் மல்பெரி இலை பளபளப்பாக இருக்கும், ஒரே மரத்தில் மடல் பிளந்த இலையும் பிளவாத இலையும் கலந்திருக்கும், காம்பைக் கிள்ளினால் வெண்பால் கசியும். பட்டையில் ஆரஞ்சு கலந்த பழுப்புச் சாயலும் தெரியும். சாம்பல் நிற முடிச்சு மல்பெரியில் நான் கண்டதில்லை.

பனிமுற்றம்

ஐயா கேட்ட எல்லாவற்றையும் இன்று மாலை பார்த்தேன்.

இலையின் அடி கோணலாக இருக்கிறது. ஒரு பக்கம் அரை சென்டிமீட்டர் கீழே தொடங்குகிறது. பத்து இலைகளில் எட்டில் இது தெளிவு, இரண்டில் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. காம்பு சேருமிடத்திலிருந்து மூன்று தடித்த நரம்புகள் கோழிக்கால்போல் பிரிகின்றன. பக்க நரம்புகள் ஓரத்தை எட்டும் முன் வளைந்துவிடுகின்றன. பற்கள் மேல் முக்கால் பகுதியில்தான் இருக்கின்றன. அடிப்பகுதியில் ஓரம் வழவழப்பாகவே உள்ளது. மேற்புறத்தைத் தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரப்பு. பால் வரவில்லை.

கொம்பைப் பிளந்ததில்தான் வியப்பு. கணுவுக்கு அருகே சோற்றி தொடர்ச்சியாக இல்லை. ஏணிப்படிபோல் குறுக்கே மெல்லிய தடுப்புகளும் இடையே வெற்றறைகளுமாக இருக்கிறது. கணுவிலிருந்து தள்ளிப் பிளந்தபோது வெண்மையாக நிறைந்திருந்தது.

மேலும், எட்டாத உயரத்தில் ஓரிரு கிளைகளில் பட்டாணி அளவில் கருஞ்சிவப்புப் பழங்கள் தெரிந்தன. ஒரு கோலால் தட்டி நான்கைந்து எடுத்தேன். தோலுக்கும் கொட்டைக்கும் நடுவே தாள் கனத்தில்தான் சதை இருக்கிறது, கொட்டை கல்.

ஆற்றங்கரையான்

ஐயத்துக்கு இடமில்லை. உங்கள் மரம் ஹேக்பெரி. தாவரவியல் பெயர் செல்டிஸ் ஆக்ஸிடென்டாலிஸ். நீங்கள் நிற்கும் அந்த மண்ணுக்கே உரிய மரம். தெற்கு ஒன்ராறியோ, கியூபெக்கிலிருந்து டகோட்டா வரையிலும், தெற்கே ஓக்லஹோமா, ஆர்கன்சா, டென்னசி வரையிலும் இயற்கையாகப் பரவியிருக்கிறது. கனடாவில் மானிடோபா ஏரியின் தென்கரையோரத்திலும் தனித்து ஒரு கூட்டம் நிற்கிறது. அதைவிடக் குளிரான இடத்தை இந்த மரத்திடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நீங்கள் கண்டவற்றுள் எந்த ஒன்றும் தனியாக நின்றால் போதாது என்பதை இங்கே வரும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோணல் அடி எல்மிலும் உண்டு, பாஸ்வுட்டிலும் உண்டு. மூன்று நரம்பு மல்பெரியிலும் உண்டு. ஆனால் கோணல் அடி, மூன்று நரம்பு, பற்களுக்குள் போய் முடியாத பக்க நரம்பு, அறை அறையான சோற்றி, முடிச்சுப் பட்டை ஆகிய ஐந்தும் ஒரே மரத்தில் கூடுவது உங்கள் ஊரில் ஹேக்பெரியில் மட்டுமே. எல்மில் பக்க நரம்புகள் சீப்புப் பற்கள்போல் ஒன்றுக்கொன்று இணையாக ஓடி, ஒவ்வொன்றும் ஒரு பல்லுக்குள் நேராக முடியும். எல்மின் காய் தட்டையான, காகிதம் போன்ற சிறகு வட்டத்துக்குள் இருக்கும், சதைப்பழமாக இராது. பழத்தைப் பார்த்துவிட்டால் எல்ம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்தப் பணியாளர் எல்ம் என்று சொன்னதில் முழுத் தவறும் இல்லை. ஹேக்பெரியை நெடுங்காலம் எல்ம் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு அதைக் கஞ்சாச் செடியின் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். (இதை என் துணைவியாரிடம் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டு மரத்துக்கு வேறு பெயர் வழங்குகிறது.) கியூபெக்கின் பழைய பிரெஞ்சுப் பேச்சில் இந்த மரத்துக்கு ‘அறியாத மரம்’ என்று பொருள்படும் பெயர் ஒன்று உண்டு. எல்மும் இல்லை, பீச்சும் இல்லை, எதுவென்று தெரியவில்லை என்று அன்றும் யாரோ கைவிரித்திருக்கிறார்கள்.

இன்னொரு சோதனை, தேவையில்லை, ஆனாலும் செய்து பாருங்கள். பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, கொட்டையைச் சுத்தியலால் உடைத்து, ஓட்டுத் துண்டின்மேல் சில துளி வினிகரை விடுங்கள்.

சமவெளிவாசி

நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ‘தானாக முளைத்தது, வேலியோரம்’ என்பதைப் படித்தவுடனே முடிவுக்கு வந்துவிட்டேன். வளர்ந்த இடத்தை வைத்து மரத்தைச் சொல்லக் கூடாது என்பது இங்கே பலமுறை பேசப்பட்டதுதான்.

பனிமுற்றம்

வினிகர் விட்டேன், ஐயா. ஓட்டிலிருந்து மெல்லிய குமிழிகள் எழுந்தன! சுண்ணாம்பா அது?

விதைப்பெட்டி (தெற்கு ஒன்ராறியோ)

நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆம், சுண்ணாம்புதான். ஹேக்பெரியின் கொட்டை ஓட்டில் கால்சியம் கார்பனேட் அரகோனைட் என்ற வடிவில் படிந்திருக்கிறது. கிளிஞ்சல்களில் இருப்பதும் அந்த வடிவம்தான். பிற மரங்களின் கொட்டைகள் மண்ணில் சில ஆண்டுகளிலேயே மக்கிப்போக, இந்த இனத்துக் கொட்டைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கின்றன. பெய்ஜிங் அருகே சோவ்கோடியன் குகையில், ஆதிமனிதரின் எலும்புகள் கிடைத்த அடுக்குகளில், இந்த மரத்தின் ஆசிய உறவினத்துக் கொட்டை ஓடுகள் கிடைத்தன. தொல்லியலாளர்கள் இந்த ஓட்டைக் காலக்கணிப்புக்கும் பயன்படுத்துகிறார்கள்.

டகோட்டா பழங்குடி மக்கள் இந்தப் பழத்தைக் கொட்டையோடு சேர்த்து இடித்து, இறைச்சிக்குச் சுவையூட்டப் பயன்படுத்தினார்கள். பானி பழங்குடியினர் இடித்த பழத்தைக் கொழுப்போடும் வறுத்த மக்காச்சோளத்தோடும் கலந்து உண்டார்கள். சதை மிகக் குறைவு, ஆனால் பேரீச்சம்பழத்தை நினைவூட்டும் இனிப்பு. கொட்டையைப் பல்லால் கடித்துப் பார்க்க வேண்டாம், பல்தான் உடையும்.

தெற்குக்காற்று (டாலஸ், டெக்சஸ்)

எல்லோரும் இந்த மரத்தை இப்படிப் புகழ்வது எனக்கு விளங்கவில்லை. எங்கள் பகுதியில் ஹேக்பெரி என்றாலே யாரும் விரும்புவதில்லை. வேலிக்கு வேலி முளைக்கிறது, பெருங்காற்றில் கிளை முறிகிறது, கோடையில் கீழே நிறுத்திய கார் முழுதும் பிசுபிசுப்பு. என் வீட்டுக் கூரையில் விழுந்த கிளை இந்த மரத்தினுடையதுதான். எடுக்கச் சொன்னவர் சரியாகவே சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆற்றங்கரையான்

தெற்குக்காற்று அவர்களின் குறை நியாயமானது. ஆனால் அவர் பெரும்பாலும் வேறு இனத்தைப் பற்றிப் பேசுகிறார். டாலஸ் பகுதியில் மிகுதியாக இருப்பது சுகர்பெரி எனப்படும் செல்டிஸ் லெவிகாட்டா. அங்கே அதையும் ஹேக்பெரி என்றே பேச்சில் சொல்வார்கள். அதன் இலை குறுகலானது, வழவழப்பானது, ஓரத்தில் பற்கள் இராது அல்லது மிகச் சிலவே இருக்கும். பழம் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தோடு நின்றுவிடும். இன்னும் மேற்கே, வறண்ட மலைச்சரிவுகளில், வலைபோல் நரம்பு புடைத்த தடித்த இலையோடு மூன்றாவது இனம் ஒன்று நிற்கிறது. இவை எல்லை சேரும் இடங்களில் ஒன்றோடொன்று கலக்கவும் செய்கின்றன, ஆகவே ஓக்லஹோமா போன்ற இடத்திலிருந்து யாராவது கேட்டால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். மினசோட்டாவில் அந்தக் குழப்பம் இல்லை.

காரின் மேல் விழும் பிசுபிசுப்பு, இலைச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியின் கழிவு. தெற்கு மாநிலங்களில் ஆசியாவிலிருந்து வந்த வெண்பஞ்சு அசுவினி இந்த மரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கட்டை வலுவற்றது என்பதை மட்டும் மறுக்க மாட்டேன். அடிபட்ட இடத்தை மூடிக்கொள்ளும் திறன் இந்த மரத்துக்குக் குறைவு; பெரிய காயம் பட்டால் அழுகல் உள்ளே இறங்கிவிடும். அதனால்தான் கிளை நீக்குவதை இளமையிலேயே செய்ய வேண்டும் என்கிறேன். கட்டைவிரல் கனத்தில் ஒரு கிளையை எடுப்பதும், தொடைக் கனத்தில் எடுப்பதும் இந்த மரத்துக்கு ஒன்றல்ல.

தோட்டப்பித்தன்

இலைக் கொப்புளத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அதுதானே ‘நோய்’ என்று சொல்லப்பட்டது.

அந்தக் கொப்புளங்களை உண்டாக்குவது சைலிட் எனப்படும் மிகச் சிறிய தத்துப்பூச்சி. வசந்தத்தில் இலை விரியும்போது முட்டையிடுகிறது. குஞ்சு இலையில் உறிஞ்சத் தொடங்கியதும் இலைத்திசு அதைச் சுற்றி வளர்ந்து மூடிக்கொள்கிறது. உள்ளேயே இருந்து வளர்ந்து, கோடை முடிவில் வெளியேறும். ஒரு கொப்புளத்தைக் கத்தி நுனியால் திறந்து பாருங்கள், உள்ளே ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று தெரியும். மரத்துக்கு இதனால் கேடு இல்லை, மருந்தடிக்கத் தேவையில்லை. இந்தப் பூச்சியின் இனப்பிரிவு ஹேக்பெரியிலேயே வாழ்வது என்பதால், கொப்புளமே ஒருவகையில் அடையாளச் சான்றுதான். இலை உயரத்தில் இருந்து எட்டாதபோது, கீழே உதிர்ந்த கொப்புள இலையை வைத்தே நான் பல மரங்களைச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஒன்றை எச்சரிக்க வேண்டும். செப்டம்பர் இறுதியில் வெளிவரும் பூச்சிகள் குளிர்காலத்தைக் கழிக்க இடுக்கு தேடும். சாதாரணக் கொசுவலையின் கண்களில் நுழையும் அளவுக்குச் சிறியவை. மேற்கு வெயில் படும் சன்னல்களில் நூற்றுக்கணக்கில் வந்து குந்தும். கடிக்காது, பெருகாது, வீட்டுச் செடிகளைத் தொடாது, துடைத்து எடுக்கலாம். சன்னல் ஓர இடுக்குகளை முன்னதாகவே அடைத்துவிடுங்கள்.

இன்னும் சில ஆண்டுகளில் கிளைகளில் துடைப்பம் கட்டியதுபோல் குச்சிக் கற்றைகள் தோன்றலாம். இலை உதிர்ந்த பிறகு பறவைக்கூடு என்றே நினைக்கத் தோன்றும். அதற்குக் காரணமாகச் சொல்லப்படுபவை இரண்டு: ஈரியோபைட் சிலந்திப்பேன் ஒன்றும், சாம்பல் நோய்ப் பூஞ்சை ஒன்றும், சேர்ந்தே காணப்படுகின்றன. ஊரில் தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஈரியோபைட் என்ற பெயர் நன்றாகத் தெரியும். அதே குடும்பம், ஆனால் இங்கே விளைச்சலைக் கெடுக்கும் பகைவன் அல்ல. பார்க்க அழகில்லை என்பதைத் தவிர மரத்துக்குப் பெரிய தீங்கில்லை.

பனிமுற்றம்

மிக்க நன்றி. ஒரு கொப்புளத்தைத் திறந்தேன். உள்ளே வெளிர்மஞ்சளாக ஒன்று அசைந்தது. மூடி வைத்துவிட்டேன், மூட முடிந்த அளவுக்கு.

அடுத்து வளர்ப்பு பற்றி. இந்த இடம் அதற்கு ஏற்றதுதானா? வசந்தத்தில் நீர் தேங்குவதும் கோடையில் வெடிப்பதும் ஒரே மரத்துக்கு எப்படி ஒத்துக்கொள்ளும்?

விதைப்பெட்டி

இந்த மரத்தின் இயற்கை வாழிடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். இது விரும்பி வளர்வது ஆற்றுப்படுகையில். மிசிசிப்பி, ஒகையோ ஆற்றுச் சமவெளிகளின் ஆழமான வண்டலில் 100 அடியைத் தாண்டுகிறது. அங்கே வசந்த வெள்ளம் சில நாள் நின்று வடியும். ஆனால் அதே மரம் சுண்ணாம்புக்கல் மேடுகளின் இடுக்குகளிலும், சமவெளியின் காற்றடிக்கும் ஓரங்களிலும் 30 அடிக்குக் குட்டையாக நின்று உயிர் வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 14 அங்குல மழையுள்ள இடத்திலும் இருக்கிறது, 60 அங்குல மழையுள்ள இடத்திலும் இருக்கிறது. நல்ல மண்ணில் வேர் 10 முதல் 20 அடி ஆழம் இறங்குவதால், உங்கள் ஆகஸ்டு வெடிப்பு மேல்மண்ணின் கதையாகவே நின்றுவிடுகிறது. உங்கள் மூலை ஒரு சிறிய ஆற்றுப்படுகை என்று வைத்துக்கொள்ளுங்கள்: சில நாள் வெள்ளம், பிறகு வறட்சி. ஆண்டு முழுதும் நீர் வடியாத சதுப்பில் மட்டும் இது நிற்காது.

மண்ணின் காரத்தன்மையைப் பற்றியும் ஒரு சொல். புதிய குடியிருப்புகளில் சுவருக்கு அருகே காரை, சிமெண்டுத் தூள் கலந்து மண் காரமாகிவிடும். பின் ஓக், சிவப்பு மேப்பிள் முதலியவை அந்த மண்ணில் இரும்புச்சத்து எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகி நலியும். ஹேக்பெரி சுண்ணாம்பு மண்ணிலேயே பிறந்து வளர்வது என்பதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. நிழலையும் ஓரளவு தாங்கும். எங்கள் தெருவில் ஆஷ் மரங்கள் போன இடங்களில் நகராட்சி இதைக் கலந்து நடுகிறது.

கடுங்குளிர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். இந்த இனம் அமெரிக்க வேளாண் துறையின் குளிர்தாங்கு மண்டலங்களில் மூன்றாம் மண்டலம் வரை, அதாவது மைனஸ் 40 டிகிரிவரை தாங்கும் என்று நாற்றங்கால் அட்டைகளில் எழுதியிருக்கும். இனம் தாங்கும் என்பது உண்மை. நீங்கள் வாங்கும் அந்தக் கன்று தாங்குமா என்பது அதன் விதை எங்கே பொறுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. தெற்கு மாநிலத்து விதையிலிருந்து வந்த கன்று, இலையுதிர்காலத்தில் வளர்ச்சியை நிறுத்தத் தாமதித்து, நுனிக்கொம்புகளைப் பனியில் இழக்கும். பத்தாண்டுகளுக்கு முன்பு நான் வாங்கிய இரண்டு கன்றுகளுக்கும் இதுதான் நேர்ந்தது. அட்டையில் சரியான பெயர்தான் இருந்தது, விதை எந்த ஊருடையது என்று விற்றவருக்கே தெரியவில்லை. பிறகு ஆற்றோரத்து மரமொன்றிலிருந்து நானே விதை எடுத்து வளர்த்தேன். அவற்றுக்கு ஒரு குளிர்காலத்திலும் நுனி கருகவில்லை. உங்கள் மரத்துக்கு இந்தக் கேள்வியே எழாது. பறவை கொண்டுவந்து போட்ட விதை, பக்கத்துப் படுகையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

சமவெளிவாசி

ஆஷ் என்று விதைப்பெட்டி அம்மா குறிப்பிட்டதால் ஒன்று சேர்க்கிறேன். நம் நகரங்களின் தெரு மரக் கதையே இதுதான். எல்மை வரிசை வரிசையாக நட்டார்கள். 1930இல் ஒகையோவில் டச்சு எல்ம் நோய் கண்டறியப்பட்டு, நாற்பது ஆண்டுகளில் அந்தத் தெருக்கள் வெறுமையாயின. காலியான இடங்களில் ஆஷை வரிசையாக நட்டார்கள். 2002இல் டெட்ராய்ட் அருகே ஆஷைத் துளைத்துக் கொல்லும் மரகதநிற வண்டு கண்டறியப்பட்டது, 2009இல் செயின்ட் பாலுக்கே வந்துவிட்டது. ஹேக்பெரிக்கு எல்ம் நோயும் வராது, ஆஷ் வண்டும் தொடாது. ஆனால் காலி இடத்தையெல்லாம் இதனாலேயே நிரப்பினால் மூன்றாவது முறையும் அதே பிழைதான்.

தெற்குக்காற்று

என் வீட்டு மரத்தை இன்று காலை பார்த்தேன். இலையில் பற்கள் இல்லை, பழம் ஆரஞ்சு. சுகர்பெரிதான். என் பதிவில் இனத்தின் பெயரைத் திருத்திக்கொள்கிறேன். கூரையைப் பற்றிய கருத்தைத் திருத்துவதாக இல்லை.

பனிமுற்றம்

மரம் வேலியை ஒட்டி நிற்கிறது என்று எழுதியிருந்தேன். உண்மையில் கம்பிவலையின் ஒரு பகுதி பட்டைக்குள் புதைந்துவிட்டது. மேலும், தரையிலிருந்து ஏழடி உயரத்தில் தண்டு இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே கனம். இவை இரண்டும் கவலைக்குரியவையா?

ஆற்றங்கரையான்

இரண்டாவதுதான் கவலைக்குரியது. சம கனத்தில் இரண்டு தண்டுகள் கூர்மையான கோணத்தில் பிரிந்தால், இடையில் பட்டை சிக்கிக்கொண்டு இணைப்பு வலுவில்லாமல் போகும். மரம் பெரிதான பிறகு பனியின் எடையிலோ புயலிலோ அந்த இடத்தில்தான் பிளக்கும். தெற்குக்காற்று அவர்களின் கூரையில் விழுந்ததும் இப்படிப்பட்ட ஒன்றாக இருக்கலாம். குளிர்கால ஓய்வில், இலை இல்லாத நாளில், இரண்டில் நேராகவும் நடுவாகவும் உள்ளதைத் தலைமைத் தண்டாக வைத்துக்கொண்டு, மற்றதன் மேற்பகுதியைப் பாதியளவு குறைத்துவிடுங்கள். ஒரேயடியாக அடியோடு எடுக்க வேண்டாம்; காயம் பெரிதாகும். நீளம் குறைந்ததன் வளர்ச்சி தடைப்படும், தலைமைத் தண்டு முந்தும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, இரண்டின் கனமும் வேறுபட்டதும், மீதியை எடுக்கலாம். ஏழடி உயரம் என்பதால் ஏணியிலிருந்து செய்யும் வேலைதான், ஆனால் மின்கம்பி அருகில் இருந்தால் உரிமம் பெற்றவரை அழையுங்கள். களை எல்ம் என்று சொல்லாத ஒருவராகப் பாருங்கள்.

புதைந்த கம்பியைப் பிடுங்க வேண்டாம். மரத்தின் இரண்டு பக்கமும் வேலியை வெட்டி விடுவித்து, உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். பட்டை அதை மூடிக்கொண்டு போகும். பிற்காலத்தில் யாராவது அறுக்க வந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக, எந்த உயரத்தில் கம்பி இருக்கிறது என்பதை வீட்டுக் காகிதங்களோடு எழுதி வைத்துவிடுங்கள். இதன் ஆயுள் 150, 200 ஆண்டுகூடப் போகும். அப்போது வீட்டில் இருப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

22 அடி இடைவெளி சற்றுக் குறைவுதான். முழு வளர்ச்சியில் கிளைப்பரப்பு 40 முதல் 60 அடிவரை விரியும், ஆகவே வீட்டுப் பக்கக் கிளைகளை இப்போதிருந்தே உயர்த்திக்கொண்டு வாருங்கள். அடியைச் சுற்றி மூன்றடிக்குப் புல்லை நீக்கி, மரச்சிராய் மூடாக்கு மூன்று அங்குல கனத்தில் போடுங்கள். தண்டை ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். உரம் எதுவும் வேண்டாம்.

விதைப்பெட்டி

வெட்டுவதில்லை என்று முடிவாகியிருந்தால், கோடையில் அந்த மரத்தடியில் சிறிது நேரம் நின்று பாருங்கள். ஹேக்பெரி எம்பரர் என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு ஹேக்பெரி இன மரங்களின் இலைகளைத்தான் உண்ணும். வேறு மரம் அதற்கு ஆகாது. வளர்ந்த பூச்சி பூவை அதிகம் நாடாது. வியர்த்த கையில் வந்து உட்கார்ந்து உப்பை உறிஞ்சும். டானி எம்பரர், நீண்ட மூக்கு போன்ற முன்பகுதியுடைய ஸ்னௌட் ஆகியவையும் இதே மரத்தில் வளர்பவை. பழங்கள் பனிக்காலம் வரை கிளையில் நிற்பதால் ராபின், சீடர் வாக்ஸ்விங் ஆகிய பறவைகள் கூட்டமாக வரும்.

விதை வேண்டுமென்றால் அக்டோபரில் எடுங்கள். சதையைக் கழுவி, ஈர மணலில் கலந்து, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்து, வசந்தத்தில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றலாம். அல்லது இலையுதிர்காலத்திலேயே நேரடியாக மண்ணில் ஊன்றிவிட்டுப் பனியிடமே வேலையை ஒப்படைக்கலாம். அப்படியானால் அணில் தோண்டாமல் மேலே கம்பிவலை போடுங்கள். முதல் மூன்று நான்கு ஆண்டுகள் கன்று ஒல்லியாக, திசைக்கொரு கொம்பாக நிற்கும். நாற்றங்கால்களில் இது விற்காமல் கிடப்பதற்கு அந்தத் தோற்றமே காரணம். முயலும் மானும் கடிக்காமல் சுற்றிக் கட்டுங்கள்.

பனிமுற்றம்

வேலியை நேற்று வெட்டி விடுவித்தாயிற்று. கம்பி தரையிலிருந்து 31 முதல் 38 அங்குலம் வரை உள்ளே இருக்கிறது. வீட்டுப் பத்திர உறையில் எழுதி வைத்துவிட்டேன். தண்டு குறைக்கும் வேலையைப் பிப்ரவரிக்கு வைத்திருக்கிறேன்.

பழம் மொத்தம் 19 கிடைத்தன. இரண்டை என் மகள் தின்றுவிட்டாள். ஒன்றை வினிகருக்காக முன்பே உடைத்துவிட்டதால், 16 கொட்டைகள் ஈர மணலில் இருக்கின்றன. வெட்டச் சொன்ன அந்தத் தொகைத்தாளின் பின்புறத்தில்தான் நாள் குறித்து டப்பாவில் ஒட்டியிருக்கிறேன்.

விதைப்பெட்டி

டப்பாவில் ‘ஹேக்பெரி’ என்று மட்டும் எழுதாமல், எந்த ஊர் மரத்து விதை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், தம்பி.